கோவை 110 டி.ஏ. பட்டாலியன்: நம்மூரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்லடம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே பையன்கள் ஓடிப் பழக வந்துவிடுவார்கள். பாதிப் பேர் போலீஸ் வேலைக்கு, மீதிப் பேர் ராணுவத்துக்கு. நான் டெரிடோரியல் ஆர்மியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் ஓட்டம் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அவர்களோடு வரும் அப்பா அம்மாமார்களும் கேட்பார்கள். ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டெரிடோரியல் ஆர்மி என்றால் என்ன?

சொந்தமாக ஒரு தொழிலோ வேலையோ வைத்துக்கொண்டு, நாடு கூப்பிடும்போது சீருடை போட்டுப் போகிறவர்களின் படை. பத்திரிகைகளில் பிராந்திய ராணுவம் என்று எழுதுகிறார்கள். பேச்சில் எல்லோருக்கும் அது டி.ஏ.தான். இது இந்திய ராணுவத்தின் ஓர் அங்கம். தனி அமைப்போ தொண்டு நிறுவனமோ கிடையாது. பணியில் இருக்கும் நாளில் ராணுவச் சட்டம்தான், ராணுவச் சம்பளம்தான், ராணுவத் துப்பாக்கிதான்.

நம்ம பக்கத்து பட்டாலியன் எது?

110-வது காலாட்படை பட்டாலியன், டி.ஏ., மெட்ராஸ். கோயமுத்தூர் ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கிறது. ரேஸ்கோர்ஸ், சுங்கம் பக்கம் போய்வருகிறவர்கள் அந்தச் சுற்றுச்சுவரைத் தினமும் பார்த்திருப்பார்கள். விமானப்படையின் நிர்வாகக் கல்லூரியும் கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரானியும் அதே வட்டாரத்தில்தான். தமிழ்நாட்டில் இன்னொன்று திருச்சியில் உள்ள 117, அது கார்ட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தது. கேரளப் பக்கம் கோழிக்கோட்டில் 122, அது நம்மைப் போலவே மெட்ராஸ்.

பட்டாலியன் பெயரில் "மெட்ராஸ்" எதற்கு? கோவையில்தானே இருக்கிறது?

ஊரைக் குறிக்கும் பெயர் அல்ல அது, மெட்ராஸ் ரெஜிமென்ட்டைக் குறிக்கிறது. ரெஜிமென்ட் என்பதைக் குலம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பட்டாலியன் அதில் ஒரு குடும்பம். டி.ஏ. காலாட்படை பட்டாலியன் ஒவ்வொன்றும் இப்படி ஏதாவது ஒரு ரெஜிமென்ட்டோடு சேர்ந்திருக்கும். அந்த ரெஜிமென்ட்டின் சின்னம், போர்முழக்கம், பழக்கவழக்கம் எல்லாம் இதற்கும் உண்டு.

இந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் சாதாரணக் குலம் இல்லை. இந்திய ராணுவத்தின் காலாட்படை ரெஜிமென்ட்களில் இதுதான் மூத்தது. 1758-ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அங்கங்கே சிதறிக் கிடந்த காவல் ஆட்களைச் சேர்த்துப் பட்டாலியன்களாக ஆக்கியதில் இருந்து கணக்கு. சின்னத்தில் உள்ள யானை 1803-ல் நடந்த அசாயே போரின் நினைவு. பின்னாளில் "வடக்கத்தியர்தான் போர்க்குணம் உள்ளவர்கள்" என்று வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு தெற்கத்திப் பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது மறுபடியும் அதே தெற்கத்தியரைத்தான் தேடி வந்தார்கள், ரெஜிமென்ட்டும் மறுபடி எழுந்தது. இன்று அதன் தலைமை மையம் குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ஏறினால் வந்துவிடும். தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முழங்கும்போது அதில் வரும் சொற்கள் நம் மொழியில் இருக்கின்றன என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். இந்த ரெஜிமென்ட் சிப்பாய்களை ராணுவம் முழுக்க "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

டி.ஏ. எப்போது தொடங்கியது?

வேர் 1920-ல். அந்த வருடம் இந்திய டெரிடோரியல் ஃபோர்ஸ் சட்டம் வந்தது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஒரு படை, இந்தியருக்கு வேறு ஒரு படை என்று பிரித்து வைத்திருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு 1948-ல் டெரிடோரியல் ஆர்மி சட்டம் நிறைவேறியது. 1949 அக்டோபர் 9 அன்று படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. அதனால்தான் அக்டோபர் 9 டி.ஏ. தினம்.

இந்த இடத்தில் கொங்கு நாட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவராகவும் ஆன அதே ராஜாஜிதான் 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் நூற்பும் மதுவிலக்கும்தான் அங்கே வேலை. இராட்டை சுற்றிய கை 24 வருடம் கழித்து குடிமக்கள் படைக்கு விளக்கேற்றியது. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தன் ஊரைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது.

விவசாயம் செய்துகொண்டே படைக்குப் போவது நமக்குப் புதுசா?

புதுசே இல்லை. நம் ஊர்ப் பெயர்களையே பாருங்கள். மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம், பெரியநாயக்கன்பாளையம். பாளையம் என்றால் படை தங்கிய இடம். நாயக்கர் காலத்தில் பாளையக்காரர் ஒவ்வொருவரும் ஆள் திரட்டித் தரக் கடமைப்பட்டவர்கள். அந்த ஆட்களில் பெரும்பாலானவர்கள் மழை பெய்தால் ஏர் பிடிப்பார்கள், அழைப்பு வந்தால் வேல் பிடிப்பார்கள். தீரன் சின்னமலையோடு நின்றவர்களும் இப்படித் தோட்டம் காட்டில் இருந்து வந்தவர்கள்தான். 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்தில்தான் கம்பெனி பாளையங்களின் ஆயுதத்தைப் பறித்தது, அந்த வழக்கமும் அற்றுப்போனது. டி.ஏ. அதன் நேரடித் தொடர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளாமை பார்க்கிறவன் எப்படிச் சிப்பாயாக முடியும் என்று கேட்கிறவர்களுக்கு நம் ஊர்ப் பெயரே பதில் சொல்லும்.

டி.ஏ. நிஜப் போருக்குப் போயிருக்கிறதா?

போயிருக்கிறது. 1962, 1965, 1971 மூன்றிலும் டி.ஏ. பிரிவுகள் இருந்தன. இலங்கையில் அமைதிப்படை இருந்த காலத்திலும், பஞ்சாப், காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்களில் உள்நாட்டுப் பாதுகாப்பிலும் பணி செய்திருக்கிறது. ஆரம்பத்தில் டி.ஏ.யில் விமான எதிர்ப்புப் பீரங்கி, சிக்னல் எல்லாம் இருந்தன. பிறகு அவை முழுநேர ராணுவத்துக்குப் போய்விட்டன, காலாட்படை நிலைத்தது. 1974-ல் நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தபோது வண்டிகள் ஓட ரயில்வே டி.ஏ. ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

பொதுவான வேலை இதுதான்: முக்கியமான இடங்களுக்கும் சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் காவல் நின்று, முழுநேரப் படையை முன்வரிசைக்கு விடுவிப்பது. காவல்தானே என்று லேசாக நினைக்க வேண்டாம். காஷ்மீரில் ஜனவரி மாதம் இரவு இரண்டு மணிக்குக் காவல் நின்றவனிடம் கேட்டுப் பாருங்கள்.

2025 மே மாதம் "டி.ஏ.வை அழைக்கிறார்கள்" என்று செய்தி வந்ததே, அது என்ன?

பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தானோடு பதற்றம் முற்றிய நாட்கள் அவை. டெரிடோரியல் ஆர்மி விதிகள் 1948-ல் 33-வது விதியின் கீழ், தேவைப்பட்டால் டி.ஏ.வின் அதிகாரிகளையும் வீரர்களையும் மொத்தமாக அழைத்துக்கொள்ள ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. உள்ள 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ வெவ்வேறு கமாண்டுகளில் பணியில் இறக்கலாம் என்றும் உத்தரவில் இருந்தது. அது 2028 பிப்ரவரி 9 வரை செல்லும்.

அன்றைக்கு மரத்தடியில் ஒரு அம்மா என்னிடம், "ஏனுங்க, பேர் குடுத்த பசங்களையெல்லாம் நாளைக்கே கூட்டீட்டுப் போயிருவாங்களா?" என்று கேட்டார். இல்லை. பயிற்சி முடித்து பட்டாலியன் கணக்கில் இருப்பவர்களைத்தான் அழைப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கில் இருக்கிறவன் அழைப்பு வந்தால் போயே ஆக வேண்டும். கையெழுத்துப் போடும் முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

பேரிடர் காலத்தில் வருவார்களா?

வருவார்கள். 2024 ஜூலை 30 அன்று விடியும் முன்னே வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. மீட்புக்குப் போனவர்களில் கோழிக்கோட்டு 122 டி.ஏ. பட்டாலியனும் உண்டு. பெங்களூரில் இருந்து வந்த மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் 190 அடி நீள பெய்லி பாலத்தை, அதாவது இரும்புச் சட்டங்களைக் கோத்து அவசரத்துக்குக் கட்டும் பாலத்தை, ஆகஸ்ட் 1-க்குள் கட்டி முடித்தது. வால்பாறை, கூடலூர், குன்னூர் என்று நமக்கும் அதே மலைத்தொடர்தான், அதே மழைதான். அந்த மண்ணையும் மொழியையும் தெரிந்த ஆட்கள் நாலு மணி நேரத் தூரத்தில் சீருடையோடு இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

டி.ஏ.வில் மரம் நடுவதற்கென்றே பட்டாலியன்கள் உண்டு. முதலாவது 1982-ல் கார்வால் பகுதியில் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையாகிப் போன முசூரி மலைகளில் மறுபடி காடு வளர்த்தார்கள்.

இது நிரந்தர வேலையா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். இல்லை. டி.ஏ. நிரந்தர வேலை இல்லை.

இதில் இரண்டு நிலை உண்டு. பட்டாலியன் உங்களைப் பணியில் வைத்திருக்கும் காலத்தை "எம்பாடிட்" என்பார்கள். அப்போது முழுநேர சிப்பாய்க்கு உள்ள சம்பளம், படி, சாப்பாடு, மருத்துவம், கேன்டீன் எல்லாம் உண்டு. பணி முடிந்து வீட்டுக்கு அனுப்பினால் அது "டிஸ்எம்பாடிட்". அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. சேர்ந்ததும் ரெக்ரூட் பயிற்சி, பிறகு வருடத்துக்குச் சுமார் இரண்டு மாதப் பயிற்சி முகாம், இதுதான் அடிப்படை ஏற்பாடு. நடைமுறையில் காலாட்படை பட்டாலியன்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பணியில் வைத்திருப்பதும் உண்டு. அதைப் பார்த்துத்தான் நம் பையன்கள் இதை ஒரு முழு அரசு வேலை என்று நினைத்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், அவிநாசி பக்கம், நல்ல பவர்டேபிள் டெய்லர். டி.ஏ.வில் தேர்வானதும் மிஷினை விற்றுவிட்டான், கம்பெனியிலும் கணக்கை முடித்துக்கொண்டான். சில வருடம் கழித்துப் பணியில் இருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் தொழில் இல்லை, பொண்ணு பார்க்கும் வீட்டில் "ராணுவத்தில் இருக்கிறான்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவன் பட்ட அவமானத்தை நான் கண்ணால் பார்த்தேன். படை அவனை ஏமாற்றவில்லை. அது என்ன மாதிரிப் படை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகையால் தறியை விற்காதீர்கள், லேத் பட்டறை வேலையை விடாதீர்கள், கோழிப்பண்ணையை யாரிடமாவது பொறுப்புக் கொடுத்துவிட்டு வாருங்கள். தொழில் இருப்பவனுக்குத்தான் டி.ஏ. அந்த யோசனையில்தான் சட்டமே எழுதியிருக்கிறார்கள்.

பென்ஷன் உண்டா? எக்ஸ் சர்வீஸ்மேன் என்று கணக்கு வைப்பார்களா?

பணியில் இருந்த நாட்களை மட்டும் கூட்டி 15 வருடம் வந்தால் சிப்பாய்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் (சுபேதார் போன்ற இடைநிலை அதிகாரிகள்) பென்ஷன். அதிகாரிகளுக்கு 20 வருடம். பெயர் பதிவில் இருந்த வருடங்கள் கணக்கில் வராது, இதில் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் எல்லோருக்கும் தானாக வந்துவிடாது. தொடர்ந்த பணிக்காகப் பென்ஷன் வாங்குகிறவர்கள், பணியால் உடல் ஊனம் அடைந்தவர்கள், வீர விருது பெற்றவர்கள் ஆகியோருக்குத்தான் அது. பணி நாட்கள் எழுதிய ஒவ்வொரு காகிதத்தையும் நகல் எடுத்து வீட்டில் வைத்திருங்கள்.

என் முதலாளி லீவு விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

எனக்கும் நடந்தது. நான் அப்போது ஒரு நூற்பாலையில் வேலை. முதல் முறை அழைப்பாணை வந்தபோது மேனேஜர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல், "போனால் திரும்பி வராதே" என்றார். எனக்குச் சட்டம் தெரியாது, பயந்துபோனேன். பட்டாலியனில் இருந்த சுபேதார் ஐயாதான் விளக்கிச் சொன்னார்.

டெரிடோரியல் ஆர்மி சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. படைப்பணிக்குப் போய்த் திரும்புகிறவரை முன்பிருந்ததற்குக் குறையாத நிலையில் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வது முதலாளியின் கடமை. அதை எழுதி, ஆணையின் நகலோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். திரும்பி வந்தபோது வேலை இருந்தது. முதலாளியிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம். ஆணை கைக்கு வந்த அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் சின்ன பனியன் கம்பெனியில் ஒரு ஆள் குறைந்தால் ஆர்டர் நின்றுவிடும், அவர்கள் கஷ்டமும் நிஜம்தான். சேரும் முன்பே அவர்களிடம் பேசிவிடுவது மரியாதை.

சிப்பாயாகச் சேர என்ன தகுதி?

வயது 18 முதல் 42 வரை. ஜெனரல் டியூட்டி சிப்பாய்க்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதம். கிளார்க்குக்குப் பிளஸ் டூ வேண்டும். சமையல், முடிதிருத்தம் போன்ற பணிகளுக்குத் தனியாக ஆள் எடுப்பார்கள். உயரம் குறைந்தது 160 செ.மீ., மார்பு 77 செ.மீ., விரித்தால் 5 செ.மீ. கூட வேண்டும். கல்யாணமானவர்களும் வரலாம். ஏற்கெனவே முப்படைகளிலோ துணை ராணுவத்திலோ போலீசிலோ பணியில் இருப்பவர்கள் சேர முடியாது.

அதிகாரியாக?

பட்டதாரியாக இருக்க வேண்டும், வயது அதே 18 முதல் 42, அதோடு வருமானம் தரும் வேலையோ தொழிலோ கையில் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, நேர்காணல், எஸ்.எஸ்.பி. என்னும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் சோதனை, மருத்துவச் சோதனை என்று படிகள். நம் பக்கத்தில் இன்ஜினியர்களும் பேங்க் ஊழியர்களும் சொந்தத் தொழில் செய்கிறவர்களும் இவ்வளவு பேர் இருந்தும், இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து வயதில் "ராணுவத்துக்குப் போகலையே" என்று ஏங்குகிறவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு இதுதான் என்பேன்.

அக்னிவீர் நல்லதா, டி.ஏ. நல்லதா?

இரண்டும் வேறு வேறு ஆட்களுக்கு. 2022-ல் வந்த அக்னிவீர் இளம் வயதுக்காரர்களுக்கு, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, நாலு வருடம் முழுநேரப் பணி, முடிவில் 25 சதவீதம் வரை நிரந்தரமாக எடுப்பார்கள். படிப்பு முடித்துக் கையில் தொழில் எதுவும் இல்லாத பத்தொன்பது வயதுப் பையன் என்னிடம் கேட்டால் அக்னிவீர் எழுது என்பேன். தொழில் கற்றுக்கொண்ட இருபத்தெட்டு வயதுக்காரன் கேட்டால் டி.ஏ.

ஊர்க்காவல் படையும் என்.சி.சி.யும் இதுதானா?

இல்லை. ஊர்க்காவல் படை போலீசுக்கு உதவி, மாநில அரசின் கீழ் வருகிறது. என்.சி.சி. மாணவர் பயிற்சி, அதில் இருப்பதால் யாரும் சிப்பாய் ஆகிவிடுவதில்லை.

பெண்கள் சேரலாமா?

பெண்களுக்கு டி.ஏ.வில் தடை கூடாது என்று 2018-ல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. அறிவிப்பு வரும்போது எந்தப் பதவிக்குப் பெண்களை அழைத்திருக்கிறார்கள் என்று பார்த்து விண்ணப்பியுங்கள். எங்கள் மைதானத்தில் மூன்று பெண்கள் ஓடுகிறார்கள், அவர்களில் ஒருத்தி பையன்கள் பாதிப் பேரை முந்துகிறாள்.

தோனியும் மோகன்லாலும் டி.ஏ.தானே?

ஆமாம், இருவரும் கௌரவ லெப்டினன்ட் கர்னல். மோகன்லாலுக்கு 2009-ல் கிடைத்தது. 122 பட்டாலியனோடு சேர்ந்தவர், வயநாடு நிலச்சரிவின்போது சீருடையில் போய் நின்றார். தோனிக்கு 2011-ல், பெங்களூரு 106 பாரா பட்டாலியன். 2019-ல் காஷ்மீரில் இரண்டு வாரம் பணியில் இருந்தார்.

ஒருத்தர் பணம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். நம்பலாமா?

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆள்சேர்ப்பு திறந்த மைதானத்தில், எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது. 2024 நவம்பரில் கோவை பி.ஆர்.எஸ். மைதானத்தில் நடந்தபோது பல மாநிலப் பையன்கள் ராத்திரியே வந்து ரோட்டோரம் படுத்துக் கிடந்தார்கள். ஸ்டாப்வாட்ச்சுக்கு யார் மகன் என்று தெரியாது. பணம் கேட்பவர் "நான்தான் சேர்த்துவிட்டேன்" என்று, தானாகத் தேர்வான பையனிடம் வாங்கிக்கொள்வார், தோற்றவனிடம் தவணை சொல்வார். காட்டை அடமானம் வைத்துக் கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எப்படிப் பயிற்சி எடுப்பது?

ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கி.மீ. ஓட்டம் இருக்கும், அதை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். புல் அப் பத்து, ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுதல், வளைந்த கட்டையில் விழாமல் நடப்பது. நம் பையன்களுக்கு ஓட்டம் வந்துவிடும், புல் அப்பில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஜிம் தேடி அலைய வேண்டாம், வேப்பமரக் கிளை போதும். தார் ரோட்டில் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், வாய்க்கால் கரை மண்ணில் ஓடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். போன தடவை எங்கள் மைதானத்துப் பையன் ஒருவன் ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தும், சான்றிதழில் ஒரு எழுத்து மாறியதால் திரும்பி வந்தான். திருத்தி வாங்கிவிட்டான். அடுத்த அறிவிப்புக்காக இப்போதும் தினமும் விடியற்காலை ஓடிக்கொண்டிருக்கிறான்.